கயிறும் கபனும்

சம்பூர்க் கரையில் நின்றால் கொட்டியாரக் குடா கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடக்கும். 1660ஆம் ஆண்டு இந்தக் குடாவில் தங்கி நின்ற 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரையும் அவரது மகனையும் வேறு சிலரையும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி நாட்டுக்குள் கொண்டு போனார்கள். தந்தை, மகன் இருவருக்கும் றொபேட் நொக்ஸ் என்றே பெயர். நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது மகனைப் பற்றி. அவர் 19 வருடங்களுக்கு மேல் சிறையிருந்து, தப்பியோடி, 1681இல் இலண்டனில் இலங்கை பற்றிய தன் நூலை வெளியிட்டார்.

அந்த நூலில் ஒரு படம் இருக்கிறது. மரணதண்டனை விதிக்கப்பட்டவனை யானை மிதித்துக் கிழிக்கும் செதுக்கோவியம். இலங்கை என்றதும் ஆங்கில வாசகனின் நினைவுக்கு நெடுங்காலம் வந்து நின்ற படங்களில் அதுவும் ஒன்று. இன்றுவரை எத்தனையோ புத்தகங்கள் அதை எடுத்துப் போட்டிருக்கின்றன. ஆனால் அதே நூலில், படமில்லாத ஒரு பக்கத்தில், வேறொரு சாவு இருக்கிறது. 1661 பெப்ரவரியில் தந்தை நொக்ஸ் காய்ச்சலில் இறந்து போகிறார். அடக்கம் செய்ய உதவி கேட்ட மகனுக்கு ஊரார் அனுப்பியது மாடு கட்டும் கயிறு ஒன்று. கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போடச் சொன்னார்கள். மகன் சம்மதிக்கவில்லை. தானும் காய்ச்சலில் கிடந்த நிலையில், கூலிக்கு ஆள் பிடித்துத் தகப்பனை மண்ணில் அடக்கினார்.

பழைய ஆங்கிலச் சாவுப் பாட்டுகளையும் கேலிச்சித்திரங்களையும் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு இந்த இரண்டும் அருகருகே இருப்பது பெரிதாகப் பட்டது. வேடிக்கையாகக் காட்டப்படும் சாவு ஒன்று. அடக்கத்துக்குக் காத்திருக்கும் உடல் ஒன்று. ஆங்கிலேயரின் தெருவோர அச்சுத்தாள்கள் விற்றது முதலாவதை. இரண்டாவது அவற்றின் அடியில் ஒரு பயமாகக் கிடந்தது.

அந்தத் தாள்கள் எப்படிப்பட்டவை? ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட மலிவான ஒற்றைத்தாள். மேலே ஒரு மரக்கட்டைப் படம். கீழே, எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் பாடக்கூடிய பாட்டு. விற்பவன் சந்தியில் நின்று பாடியே விற்பான். இலண்டனின் செவன் டயல்ஸ் பகுதி இத்தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கே ஜேம்ஸ் கட்னாக் என்ற அச்சகக்காரர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொடிகட்டிப் பறந்தார். கொலை நடந்தால் ஒரு தாள், விசாரணைக்கு ஒரு தாள், தூக்குக்கு ஒரு தாள். தூக்குத்தாள்தான் அதிகம் விலைபோகும். 'இறுதி வாக்குமூலமும் மரணமும்' என்று தலைப்பிட்டு, சாகப்போகிறவன் தானே தன் பாவங்களைச் சொல்லி அழுவதாகப் பாட்டு இருக்கும். அவன் சாவதற்கு முந்திய இரவே அது அச்சாகி அடுக்கப்பட்டிருக்கும் என்பதுதான் வேடிக்கை. அவன் தூக்குமேடையில் வாயே திறக்காமல் செத்திருந்தாலும் தாளில் எட்டுக் கண்ணி பாடியிருப்பான்.

படமோ இன்னும் மோசம். தூக்குமரமும் தொங்கும் ஆளும் செதுக்கிய ஒரே கட்டையை வருடக்கணக்காக, ஆளுக்கு ஆள் மாற்றாமல் அச்சிட்டார்கள். பெயர் மட்டும் மாறும். 1828 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கோடர் பற்றிய தாள் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். 1849இல் மானிங் தம்பதியர் தூக்கிலிடப்பட்டபோது 25 இலட்சம் தாள்கள் போயின என்று, இலண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹியூ கணக்குத் தருகிறார். அந்தத் தூக்கைப் பார்க்கப் போன சார்ல்ஸ் டிக்கன்ஸ், கூடியிருந்தவர்களின் கும்மாளத்தைக் கண்டு மனம் பொறாமல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

இந்த மக்கள் கயிற்றுக்கு மட்டுமா பயந்தார்கள்? 1752இல் அமுலுக்கு வந்த ஒரு சட்டம், கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவனை அப்படியே அடக்கம் செய்யக்கூடாது என்றது. ஒன்றில் உடலை வைத்தியர்கள் வெட்டிப் படிக்க வேண்டும். அல்லது சங்கிலியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதற்கு முந்திய வருடமே வில்லியம் ஹோகார்த் 'குரூரத்தின் நான்கு கட்டங்கள்' என்ற படவரிசையை ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டிருந்தார். அதன் கடைசிப் படத்தில் கழுத்தில் கயிற்றோடு ஒருவன் மேசையில் கிடக்கிறான். வைத்தியர்கள் அறுக்கிறார்கள். கீழே விழுந்த இதயத்தை நாய் முகர்கிறது. ஒரு பாத்திரத்தில் எலும்புகள் வேகின்றன. கோடருக்கும் அதுவே நடந்தது. உடலை அறுத்த பிறகு அவரது தோலைப் பதனிட்டு, அவரது வழக்கின் வரலாற்றுப் புத்தகம் ஒன்றுக்கே அட்டை கட்டினார்கள். அது இன்னும் அந்த ஊர் நூதனசாலையில் இருக்கிறது. அந்த வைத்தியர்களுக்குப் பயந்து தூக்குமரத்தடியில் உறவினர்கள் உடலுக்காக அடிபட்டதும் உண்டு.

இங்கே நம் மார்க்கத்தின் நிலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குளிப்பாட்டல், கபனிடல், தொழுகை, அடக்கம் ஆகிய நான்கும் ஊரின் மீது பர்ளு கிபாயா. மரணதண்டனை பெற்றவரும் இதற்கு விலக்கல்ல. ஜுஹைனா கோத்திரத்துப் பெண் ஒருவருக்குத் தண்டனை நிறைவேற்றிய பிறகு நபி (ஸல்) அவர்களே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். உமர் (ரலி) தயங்கிக் கேட்டபோது, அந்தப் பெண்ணின் தவ்பாவை மதீனத்தார் எழுபது பேருக்குப் பங்கிட்டாலும் போதுமாயிருக்கும் என்று சொன்னதாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பு என்பதும் ஹதீஸ். தண்டனை கயிற்றோடு முடிகிறது. அதற்குமேல் உடல் ஊருக்குச் சொந்தம்.

வசதியானவர்கள் வாங்கிய வர்ணப் படங்களில் சாவு வேறு வேடத்தில் வரும். அங்கே அது எலும்புக்கூடு. அதுவும் சிரிக்கும் எலும்புக்கூடு. தோமஸ் றோலன்ட்சன் 1814 முதல் 1816 வரை வெளியிட்ட 'ஆங்கிலச் சாவு நடன'த்தில் அது விருந்துக்காரனையும் வேட்டைக்காரனையும் கிழட்டு மாப்பிள்ளையையும் ஒரே மாதிரிக் கைபிடித்து இழுக்கிறது. பணக்காரனைப் பார்த்துச் சிரிக்கும்போது நமக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அலுத்துவிடும். வாந்திபேதிக் காலத்தில்தான் எலும்புக்கூட்டுக்கு உண்மையான வேலை கிடைத்தது என்பேன். தேம்ஸ் ஆறு நாறிக் கிடந்த 1858இல் 'பஞ்ச்' சஞ்சிகை, எலும்புக்கூடு ஒன்று தனியே படகு வலித்து அந்த ஆற்றில் போவதாகப் படம் போட்டது. 1866இல் வேறொரு சஞ்சிகையில் அதே எலும்புக்கூடு தெருக்குழாயில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் அடித்துக் கொடுக்கிறது. இவை கேட்டது கழிவுநீர் வாய்க்கால். தண்ணீரைக் கெடுத்தவர்கள் உயிரோடிருக்கும் அதிகாரிகள் என்று அவை விரல் நீட்டின. இதை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கம் எலும்புக்கூடு இல்லை. நமக்கு மௌத்து என்பது ஒரு மலக்கின் வருகை. அவரைக் கேலி செய்யவும் முடியாது, படம் வரையவும் முடியாது. ஆனால் தெருப்பாட்டு இருந்தது. சென்னை குஜிலிக் கடைகளில் கொலைச்சிந்துகள் சில காசுக்கு விற்றன. நம் நாட்டில் சிங்களக் 'கவிகொல' விற்பவர்கள் பஸ் நிலையங்களிலும் ரயிலிலும் விபத்தையும் கொலையையும் காதல் தற்கொலையையும் இழுத்துப் பாடினார்கள். முஸ்லிம் வாசகர் அறிந்திருக்க வேண்டிய தமிழ்க் கதைப்பாட்டு ஒன்று இவற்றுக்கெல்லாம் மூத்தது: 'கான்சாகிபு சண்டை'. நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது.

கான்சாகிபு என்ற யூசுப்கான் ஆங்கிலக் கம்பனியின் படைத் தளபதியாக உயர்ந்து, மதுரையை ஆண்டு, பிறகு ஆற்காட்டு நவாபையும் கம்பனியையும் எதிர்த்து நின்றவர். பல மாத முற்றுகைக்குப் பின் சொந்த ஆட்களே காட்டிக் கொடுக்க, 1764 ஒக்டோபர் 15 அன்று மதுரையை அடுத்த சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்பது வழக்கு. கயிறு இரண்டு தரம் அறுந்து மூன்றாம் தரமே உயிர் போயிற்று என்பதும் வழக்கு. செத்த பிறகும் அவரை விட்டார்களில்லை. திரும்ப எழுந்து வந்துவிடுவார் என்று பயந்தவர்கள் போல உடலைத் துண்டாடினார்கள். தலை திருச்சிக்கும், கைகள் பாளையங்கோட்டைக்கும், கால்கள் தஞ்சாவூருக்கும் பெரியகுளத்துக்கும் போயின என்று சொல்வார்கள். எஞ்சிய முண்டம் சம்மட்டிபுரத்தில் அடங்கியது. அதன்மேல் பிற்காலத்தில் ஒரு தர்கா எழுந்தது. கான்சாகிபு பள்ளிவாசல் என்று இன்றும் வழங்குகிறது.

ஹோகார்த்தின் படத்துக்கும் இதற்கும் இடையில் 13 வருடங்கள்தான். அறுக்கப்பட்ட உடல் அங்கே படமாகி விலைபோனது. இங்கே மக்கள் துண்டுகள் கிடந்த இடத்தில் விளக்கு வைத்தார்கள், பாட்டுக் கட்டினார்கள். தர்கா கட்டலாமா என்ற வாதம் வேறு. அதற்குள் நான் போகவில்லை. துண்டாடியவன் சிதறடிக்க நினைத்த ஆளை ஊர் அதன் வழியே சேர்த்து எடுத்தது என்பது மட்டும் எனக்கு உறுதி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி பற்றிய கதையும் இந்த மனத்திலிருந்து பிறந்ததுதான். அவர் மௌத்தான சேதி தெரியாமல் வந்த புலவர் கபுறடியில் நின்று அழுது பாட, கபுறிலிருந்து மோதிரக் கை நீண்டதாம். ஆங்கிலப் படத்தில் சாவின் கை வந்து பறிக்கும். நம் கதையில் செத்தவர் கை வந்து கொடுக்கிறது. செத்தும் கொடுத்தான் என்ற சொல் மதம் பாராமல் தமிழர் வாயில் நிற்பது சும்மாவா?

கண்டியில் 1864 மே 7 அன்று நடந்த தூக்கையும் சொல்ல வேண்டும். உத்துவான்கந்தைக் கொள்ளையன் சரதியேலும் அவனது கூட்டாளி மம்மலே மரிக்காரும் அன்று ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வருடம் மார்ச் 21 அன்று மாவனல்லையில் அவர்களைப் பிடிக்கப் போன துவான் சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று திணைக்களம் ஒவ்வொரு மார்ச் 21ஐயும் நினைவுநாளாக வைத்திருக்கிறது. சுட்டது மரிக்கார். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் நம்மவர்; பாட்டு, நாடகம், படம் எல்லாம் சரதியேலுக்கே. கண்டியில் பிறந்த சித்திலெப்பைக்கு அப்போது 25 வயது. அவரை மேடைதோறும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். மரிக்காரைச் சொல்ல நமக்குக் கூச்சம். செவன் டயல்ஸ் அச்சகக்காரனுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. காசுக்காகத்தான் என்றாலும் கொலைகாரனின் பெயரையும் ஊரையும் தாயையும் ஒரு தாளில் ஏற்றி வைத்தான்.

நம் காலத்துக்கும் ஒரு தேய்ந்த கட்டை உண்டு. யுத்த வருடங்களில் நம் தினசரிகளில் வந்த 'இனந்தெரியாத நபர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்' என்ற வசனம்தான் அது. திருகோணமலையானாலும் மட்டக்களப்பானாலும் அச்சுக்கோர்ப்பவர் அதை மாற்றத் தேவையில்லை. பெயரை மட்டும் மாற்றினால் போதும். 2006 ஓகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். உடல்கள் கிடந்த இடத்திலேயே நாட்கணக்காகக் கிடந்தன. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்ட, ஹஜ்ஜிலிருந்து திரும்பியோர் உட்பட்ட காத்தான்குடிப் பயணிகளுக்கோ உடலும் கிடைக்கவில்லை. அவர்கள் குடும்பங்களுக்குக் காயிப் ஜனாஸா ஒன்றுதான் மிச்சம்.

பிறகு 2020 வந்தது. ஏப்ரல் 11 வர்த்தமானிப்படி கொவிட் தொற்றில் இறந்த எல்லா உடலையும் எரிக்க வேண்டும் என்றாயிற்று. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். முன்னே சொன்ன தேம்ஸ் படத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். அங்கே தண்ணீரைக் கெடுத்ததாகக் கேலிச்சித்திரக்காரன் அதிகாரியைக் காட்டினான். இங்கே அதிகாரி மையித்தைக் காட்டினான். எந்தக் குற்றமும் செய்யாத மையித்துகளுக்கு, 1752இல் கொலைகாரனுக்கு விதித்தது வாய்த்தது: அடக்கம் இல்லை. உயர்நீதிமன்றம் டிசம்பர் 1 அன்று மனுக்களைத் தள்ளியது. அம்மாதமே பிறந்து 20 நாளான ஒரு குழந்தையும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது.

எரித்தது பொரளையில். செய்தி பரவியதும் ஆட்கள் வந்து மயானத்தின் இரும்புக் கேற்றில் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். கபன் சீலையில் கிழித்தது போன்ற சிறு துண்டுகள். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. எழுத்தோ படமோ மெட்டோ எதுவுமில்லை. இரவோடிரவாக யாரோ அவற்றை அகற்றினார்கள். மறுபடியும் கட்டினார்கள், பொரளையில் மட்டுமல்ல, வேறு ஊர்களின் வேலிகளிலும், கடல் கடந்த நாடுகளிலும். 2021 பெப்ரவரி 25 அன்று அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் குழிகள் வெட்டப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அவர்களுள் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு.