தொப்பூர் கணவாய் ரயில்பாதைப் பாறைச்சரிவு

பெங்களூரு–சேலம் ரயில்பாதையில், தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர், சிவாடி நிலையங்களுக்கு இடைப்பட்ட மலைப்பகுதியில் பாறைகள் உருண்டு விழும் அபாயம் உள்ளது. ஓசூர் நிலையமும் இதே பாதையில்தான் உள்ளது. சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு வருவோருக்கு இப்பாதை முக்கியமானது.

2021 நவம்பர் 12 அன்று அதிகாலை 3.50 மணியளவில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மீது இங்கே பாறைகள் சரிந்தன. பெட்டிகள் சில தடம் புரண்டன. பயணம் செய்த 2,348 பேரில் ஒருவருக்கும் காயமில்லை என ரயில்வே அறிவித்தது. பெரும் ஆறுதல் அது. ஏனெனில் 2003 ஜூன் 22 அன்று கொங்கண் ரயில்பாதையில், வைபவ்வாடி அருகே இதேபோன்ற சரிவு ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்திருந்தது.

மலையைக் குடைந்து பாதை வெட்டிய இடங்களில் பாறை விரிசல்களுக்குள் மழைநீர் இறங்கி, இடையிலுள்ள மண்ணைக் கரைக்கிறது. பிடிமானம் இழந்த பாறை சரிகிறது. தொப்பூர்ப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமே கவலைக்குரியது. தளர்ந்த பாறைகளை முன்கூட்டியே அகற்றுதல், சரிவில் இரும்புவலை போர்த்துதல், வேகக் கட்டுப்பாடு ஆகியவை தடுப்பு முறைகள். கொட்டும் மழையிலும் விளக்கேந்தித் தண்டவாளம் நெடுக நடந்து பார்க்கும் ஊழியரின் இரவு ரோந்தை எந்தக் கருவியைக் காரணம் காட்டியும் குறைக்கக் கூடாது.