போர்ட் பிழையா, சிப் பிழையா?

கொம்பியூட்டர் ஒன்று திடீரென்று நின்று போனால் முதலில் சந்தேகப்படுவது மதர்போர்டைத்தான். புரொசசர் பழுதாகிறது அபூர்வம் எண்டு நாங்கள் எல்லாரும் நம்புறம். அதில் நியாயமும் இருக்கு. போர்டில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகள். வெக்கை, தூசு, கரண்ட் கூடிக் குறையிறது எல்லாத்தையும் தாங்குவது அதுதான். புரொசசரோ ஆலையிலேயே சோதிச்சு அனுப்பப்படுகிற ஒரே துண்டு. ஆனால் இந்த நம்பிக்கை கொம்பனிகளுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கு எண்டு பார்த்தால் முப்பது வருசக் கதை ஒன்று கிடைக்கும்.

1994 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பேர்க் கல்லூரியில் தொமஸ் நைஸ்லி என்றொரு கணிதப் பேராசிரியர் இருந்தார். 11, 13 போல இரண்டு இடைவெளியில் வரும் பகா எண் சோடிகளை எடுத்து, அவற்றின் தலைகீழ்ப் பெறுமானங்களைக் கூட்டுவது அவருடைய வேலை. அந்த வருசம் ஒரு பென்ரியம் கொம்பியூட்டரையும் வேலைக்குச் சேர்த்தார். யூன் மாதமளவில் விடைகள் பொருந்தவில்லை. அவர் உடனே இன்டெலைக் குற்றஞ்சாட்டவில்லை. தன்னுடைய புரோகிராமைப் பார்த்தார், கொம்பைலரைப் பார்த்தார், மதர்போர்டைச் சந்தேகித்தார், வேறு மெஷினிலும் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, பிழை பென்ரியத்துக்குள்ளேதான் எண்டு உறுதியாகச் சொல்ல ஒக்ரோபர் ஆகிவிட்டது. ஒரு கணிதப் பேராசிரியருக்கே நாலு மாதம்!

ஒக்ரோபர் 24 அன்று இன்டெலுக்கு அறிவித்தார். உருப்படியான பதில் வராததால் 30 ஆம் திகதி தெரிந்த சிலருக்கு மின்னஞ்சல் போட்டார். அது இணையத்தில் பரவிவிட்டது. பிறகு யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் வந்தது: 4195835 ஐ 3145727 ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும். பழுதான பென்ரியம் 1.33373 எண்டு சொன்னது. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் வைத்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் போனதுதான் காரணம் என்பது இன்டெலின் விளக்கம். அந்தப் பிழையை நைஸ்லி சொல்ல முதலே இன்டெல் கண்டுபிடித்திருந்தது. வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாதாரண ஆளுக்கு இந்தப் பிழை 27,000 வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும் என்றது இன்டெல். மாற்றித் தருவம், ஆனால் உங்களுக்கு உண்மையிலேயே தேவை எண்டு முதலில் காட்டுங்கோ என்றது. காசு கொடுத்து வாங்கினவர் தன்னுடைய கணக்கு முக்கியமானது எண்டு விற்றவனிடமே நிரூபிக்க வேண்டும்! டிசெம்பர் 12 இல் ஐபிஎம் பென்ரியம் மெஷின்களை அனுப்புவதை நிறுத்தியது. அதுக்குப் பிறகுதான், டிசெம்பர் 20 இல், கேட்கிற எல்லாருக்கும் மாற்றித் தருவதாக இன்டெல் இறங்கி வந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர்.

உண்மையிலேயே போர்ட் பிழையான காலமும் இருக்கு. 2000 களின் தொடக்கத்தில் மதர்போர்டுகளில் இருந்த கப்பாசிற்றர்கள் வீங்கி வெடித்தன. 2003 முதல் 2005 வரை டெல் விற்ற ஒப்டிபிளெக்ஸ் மெஷின்கள் இதில் பேர் போனவை. ஆனால் அங்கேயும் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது அதே கதைதான். 2010 இல் ஒரு வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெஷின்கள் பழுதானபோது, நீங்கள் கஷ்டமான கணக்குகளைப் போட்டு மெஷினைக் களைக்கப் பண்ணிவிட்டீர்கள் என்ற மாதிரிப் பதில் சொல்லப்பட்டிருக்கு. அவர்கள் கணிதத் துறைக்காரர். கணக்குப் போடாமல் வேறு என்ன செய்வது?

2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி வந்த சில வாரங்களிலேயே, சிப்பின் அடிப்பக்கம் வீங்கி, சொக்கெற் கருகின படங்கள் வரத் தொடங்கின. மெமரியை வேகமாக ஓட்ட எக்ஸ்போ என்ற தெரிவைப் போட்டால், சில போர்டுகள் சிப்பின் எஸ்ஓசி பகுதிக்கு அளவுக்கு மிஞ்சின வோல்டேஜ் கொடுத்தன. ஏஎம்டி அதை 1.3 வோல்டுக்குள் கட்டுப்படுத்தச் சொல்லி புதிய பயோஸ் வெளியிடப் பண்ணியது. அசூஸ் வெளியிட்ட அவசர பயோஸ் பீற்றா பதிப்பு. அதைப் போட்டால் வொரண்டி போய்விடும் எண்டு பக்கத்திலேயே எழுதியிருந்தது! போடாவிட்டால் சிப் எரியலாம், போட்டால் வொரண்டி இல்லை. இதை கேமர்ஸ் நெக்ஸஸ் போன்ற யூடியூப்காரர் பிடித்துக் கிழித்த பிறகுதான், மே மாதம், வொரண்டி செல்லும் எண்டு அசூஸ் அறிவித்தது.

அடுத்த வருசம் வந்தது இன்டெலின் முறை. இதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய பாடமாகப் படுகிறது.

13 ஆம் தலைமுறை 2022 ஒக்ரோபரிலும் 14 ஆம் தலைமுறை 2023 ஒக்ரோபரிலும் வந்தன. கோர் ஐ9 13900கே, 14900கே வைத்திருந்தவர்களுக்கு கேம்கள் இடையில் நின்றன. திரையில் வந்த செய்தியோ வீடியோ மெமரி போதவில்லை எண்டு சொன்னது. ஆகவே ஆட்கள் கிராபிக்ஸ் கார்ட்டைத் திட்டினார்கள். கடைசியில் என்விடியாவே, இன்டெலிடம் போய்க் கேளுங்கோ எண்டு கையைக் காட்டியது.

2024 ஏப்ரல் கடைசியில் இன்டெல் மதர்போர்ட் கொம்பனிகளைக் கை காட்டியது. பாதுகாப்பு எல்லைகளைத் தளர்த்தி, சிப்புக்கு வரம்பில்லாமல் பவர் கொடுக்க விட்டிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அது பொய்யில்லை. ரிவியூக்களில் இரண்டு புள்ளி கூட எடுக்க எல்லாக் கொம்பனிகளும் அப்படித்தான் செய்தன. ஆனால் அந்த ரிவியூப் புள்ளிகளால் இன்டெலும் இலாபம் கண்டதை மறக்கக்கூடாது. அவசரமாக வந்த பயோஸ்களில் ஒவ்வொரு கொம்பனியின் 'பேஸ்லைன்' அளவும் ஒவ்வொரு விதம்.

யூலையில் கதை மாறியது. லெவல்1டெக்ஸ் என்ற அலைவரிசையை நடத்தும் வெண்டெல், கேம் சேர்வர்களில் ஓடும் இதே சிப்புகளும் பழுதாகிறதை எடுத்துக் காட்டினார். அந்தச் சேர்வர்களில் இருந்தவை டபிள்யூ680 வகைப் போர்டுகள். அடக்கமாக ஓடுபவை. அங்கேயும் சிப் சாகுது எண்டால் கேமர்களின் போர்டை மட்டும் குற்றஞ்சொல்ல முடியாது. அல்டரோன் கேம்ஸ் என்ற நிறுவனமும், தங்களிடம் இருந்த இந்த சிப்புகள் காலப்போக்கில் கிட்டத்தட்ட எல்லாமே பழுதாகின எண்டு பகிரங்கமாக எழுதியது.

யூலை 22 இல் இன்டெல் ஒப்புக்கொண்டது: சிப்புக்குள் இருக்கிற மைக்ரோகோட்தான் பிழையாக அதிக வோல்டேஜைக் கேட்டிருக்கிறது. அதாவது கேட்டது சிப். போர்ட் கொடுத்தது அது கேட்டதை! 13 ஆம் தலைமுறையின் ஆரம்பச் சிப்புகள் சிலவற்றில் உள்ளே ஒட்சியேற்றக் குறை இருந்ததும், அதை 2023 இலேயே சரிப்படுத்திவிட்டதும் அப்போதுதான் வெளியில் தெரிந்தது. ஓகஸ்டில் திருத்திய மைக்ரோகோட், செப்டெம்பரில் இன்னொன்று. செப்டெம்பரில் வந்த விளக்கத்தில் நாலு காரணங்கள். அதில் ஒன்று மட்டும் போர்டின் பவர் அமைப்பு. மற்ற மூன்றிலும் மைக்ரோகோட் வருகிறது.

வொரண்டியையும் மூன்று வருசத்திலிருந்து ஐந்தாகக் கூட்டினார்கள். ஆனால் அது நேராக இன்டெலிடம் போகக்கூடியது பெட்டியோடு விற்ற சிப்புக்குத்தான். பெட்டி இல்லாத ட்ரே சிப், அல்லது பூட்டின கொம்பியூட்டர் எண்டால் விற்றவரிடம் கேட்க வேண்டும். பெட்டி இல்லாட்டி மலிவு எண்டு வாங்குகிற எங்கட பெடியங்களுக்கு இது சின்ன விசயமில்லை. மற்றது, புது மைக்ரோகோட் இனி வரப்போற சேதத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கெட்ட சிப்பைத் திருத்தாது. செக்கண்ட் ஹாண்டில் 13900கே ஒன்று மலிவாக வருகிறதெண்டால், 2024 ஓகஸ்டுக்கு முதல் அது எந்த பயோஸில் எவ்வளவு காலம் ஓடியது எண்டு விற்கிறவரிடம் கேளுங்கோ. சிப்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க ஏலாது.