சொல்லாமல் விட்ட இனம்

இனம் சொல்லப்படாத எதையும் முழு எண்ணாகக் கொள்ளும் வழக்கம் ஒன்று கணினி உலகில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உயிரோடிருக்கிறது. அதன் வேரைத் தேடினால் 'பி' என்னும் நிரல்மொழியிடம் போய் நிற்போம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் அமைத்த அம்மொழியில் தரவினம் என்பதே கிடையாது. எண், எழுத்து, நினைவக முகவரி யாவும் ஒரே அளவுள்ள கலத்தில் அடங்கின. 1970இல் அங்கு வந்த பிடிபி-11 கணினியோ நினைவகத்தைப் பைட்டு பைட்டாகப் பிரித்து முகவரியிட்டது. ஒற்றை அளவு போதாமற்போகவே டென்னிஸ் ரிட்சி தரவினங்களைச் சேர்த்தார். 1973 வாக்கில் சி மொழி உருப்பெற்றது.

ஆயினும் பழைய பழக்கம் முற்றும் நீங்கவில்லை. முன்னறிவிப்பின்றி அழைக்கப்படும் செயற்கூறு முழு எண்ணையே திருப்பித் தரும் என்று சி மொழி தானாகவே கொண்டது. 1999ஆம் ஆண்டுத் தரநிர்ணயமே அந்த அனுமானத்தை நீக்கியது.

நீங்கியது வேறொரு வாசல் வழியே திரும்பியது. 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தானில் நிரலர் இனத்தை எழுத வேண்டியதில்லை. மதிப்பே தன் இனத்தை அறிந்திருக்கும். சி நூலகச் செயற்கூறுகளை அதிலிருந்து நேரே அழைக்கத் தாமஸ் ஹெல்லர் உருவாக்கிய 'சிடைப்ஸ்', 2006இல் பைத்தான் 2.5உடன் இணைந்தது. சி நூலகக் கோப்பில் செயற்கூற்றின் பெயர் இருக்கும்; பொதுவாக அதன் இனக்குறிப்பு இராது. ஆகவே, நாம் அறிவிக்காதவரை, திரும்பிவரும் மதிப்பு முழு எண்ணே என்று சிடைப்ஸும் கொள்கிறது.

விளைவைப் பார்ப்போம். உள்ளீட்டைச் சரியாகக் கொடுத்து வர்க்கமூலம் கேட்டாலும், விடையின் இனத்தைச் சொல்லாவிட்டால் பொருளற்ற எண்ணே வரும். இதனினும் கொடியது முகவரி. 32 பிட்டுக் கணினியில் முழு எண்ணும் முகவரியும் 4 பைட்டுகளே, பிழை வெளித்தெரியாது. 64 பிட்டுக் கணினியில் முகவரி 8 பைட்டுகள். மேற்பாதி வெட்டுண்ட முகவரி வேறெங்கோ இட்டுச்செல்ல, நிரல் முறிந்து விழும்.

மருந்து எளியது: உள்ளீட்டு இனங்களை 'ஆர்க்டைப்ஸ்' என்றும், விடையின் இனத்தை 'ரெஸ்டைப்' என்றும் முன்பே எழுதிவிடுவது. அப்போதும் கவனம் தேவை. 'லாங்' என்னும் இனம் 64 பிட்டு லினக்சில் 8 பைட்டு, விண்டோசில் 4 பைட்டு.

திணை தெரியாமல் வினைமுற்றை முடிக்க இயலாத மொழியில் பேசுகிறவர்கள் நாம். திணைவழு நேர்ந்தால் கேட்பவர் சிரித்துவிட்டுப் பொருளைப் புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை; அழைக்கும் நாமே இனத்தைச் சொல்லியாக வேண்டும்.