மனிதர்மீது ஒட்டிக்கொள்ளும் சொற்கள்

நம் ஊர்களில் 'மெஸ்' என்ற பலகையைக் கண்டால் பசித்தவர் உள்ளே நுழைகிறார். அதே சொல்லை ஆங்கிலத்தில் ஓர் அறைக்குச் சொன்னால், அந்த அறை அலங்கோலமாகக் கிடக்கிறது என்று பொருள். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த அச்சொல் முதலில் மேசையில் பரிமாறும் உணவைக் குறித்தது. பிறகு குழைந்த கலவை உணவைக் குறித்தது. 19-ஆம் நூற்றாண்டில் எந்தக் குழப்பத்துக்கும் உரியதாயிற்று.

ஒழுங்கின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் இவ்வாறு ஏதேனும் ஒரு பொருளிலோ இடத்திலோ பிறந்தவை. பொருள்கள் அடைந்து கிடப்பதைச் சொல்லும் 'கிளட்டர்', உறைந்த கட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் 'அடைசல்' அதற்கு நெருக்கமானது. முற்றிலும் சீர்குலைந்த நிலையைச் சொல்லும் 'ஷாம்பிள்ஸ்', ஒரு காலத்தில் இறைச்சி விற்கும் பலகை, பின்னர் இறைச்சிக்கூடம். 'அன்கெம்ப்ட்' என்றால் சீவப்படாதது. 'டிஷெவல்ட்' என்பதிலும் கலைந்த கூந்தலே இருக்கிறது. ஆனால் அதைத் 'தலைவிரிகோலம்' என்று பெயர்ப்பது எப்போதும் பொருந்தாது. நம் சொல்லில் துயரமும் ஆவேசமும் கலந்திருக்கின்றன.

பொருளையும் இடத்தையும் குறிக்கும்வரை இச்சொற்களால் தீங்கில்லை. மனிதர்மீது அவை ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சேற்றைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த 'ஸ்லாப்', அழுக்கும் சோம்பலும் உள்ளவர் என்ற வசையானது. அழுக்காக இருக்கும் பெண்ணைக் குறித்த 'ஸ்லட்', அவளது ஒழுக்கத்தையே பழிக்கும் சொல்லாகக் கீழிறங்கியது. ஆணுக்கு வழங்கிய 'ஸ்லவன்' அவ்வாறு இறங்கவில்லை. வீட்டைத் துலக்கும் பொறுப்பு யார் தலையில் சுமத்தப்பட்டது என்பதை இந்த வேறுபாடே சொல்லிவிடுகிறது.

பொருளியலில் 'ஹோர்டிங்' என்றால் பதுக்கல். விலை ஏறும் என்று சரக்கை மறைப்பவரின் செயல். ஆனால் எதையும் தூக்கியெறிய முடியாமல் வீட்டை நிறைத்துக்கொள்ளும் நிலையையும் அதே சொல் குறிக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் அதைத் தனி மனநலக் குறைபாடாக வகைப்படுத்தியது. முன்னவருக்குச் சட்டம் தேவை. பின்னவருக்குச் சிகிச்சை தேவை.

தமிழும் இக்குறைக்கு விலக்கன்று. 'சேரி' என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் உண்டு. அந்தச் சொல்லைச் சாதியோடு பிணைத்து, பின்பு அழுக்கோடு பிணைத்து, இறுதியில் மனிதரை ஏசும் சொல்லாக்கியது சமூகம்.

இதற்கு மாற்றான போக்கும் இங்கே உண்டு. தமிழக அரசு 1970-இல் வாரியம் அமைத்தபோது 'ஸ்லம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகக் 'குடிசை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் தாழ்வானது, சுகாதாரமற்றது, நெரிசலானது என்று இடத்தைத்தான் வரையறுத்தது. அங்கு வாழ்பவரை அன்று. 2021-இல் அந்த வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்றாயிற்று.

ஒழுங்கு என்பது தனிமனிதக் குணம் மட்டுமன்று. அதற்கு இடம் வேண்டும், நீர் வேண்டும், குப்பையை அகற்றும் ஏற்பாடு வேண்டும். புதுக்கோட்டை நகரின் ராஜ வீதிகளும், அவற்றை அடுத்து எண்ணிட்டு அமைந்த இரண்டாம், மூன்றாம் வீதிகளும் குடிமக்களின் நற்குணத்தால் மட்டும் நேராக அமைந்தவை அல்ல. 1878-இல் திவானான சேசையா சாஸ்திரி நகரைச் சீரமைத்தார். குளங்களைத் தூர்வாரச் செய்தார். ஆட்சி செலவிட்டது, ஊர் ஒழுங்குற்றது.

ஒரே அறையில் ஐவர் வாழும் வீட்டில் புத்தகப்பையும் பாயும் பாத்திரமும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் இருக்கும். அவ்வீட்டுப் பிள்ளையின் கசங்கிய சீருடையைக் கண்டு 'அழுக்கன்' என்று அழைப்பது மொழிப்பிழை மட்டுமன்று, அநீதியும்கூட. அறை கலைந்திருக்கிறது, சட்டை கசங்கியிருக்கிறது என்று சொன்னால் நாளை அதைச் சரிசெய்துவிடலாம். மனிதர்மீது ஒட்டிய சொல்லைத் துடைக்கவோ தலைமுறைகள் ஆகின்றன. ஆங்கிலமாயினும் தமிழாயினும், நிலையைச் சொல்வோம். மனிதருக்குப் பட்டம் சூட்டாதிருப்போம்.