தேக்கா, ஜூஜியாவ், ஒரு கருவி விளக்கம்

சிராங்கூன் சாலைத் தேக்கா சந்தை 1982ல் புதுக் கட்டடத்துக்கு வந்தபோது ‘ஜூஜியாவ்’ என்று பெயர் வைத்தார்கள். தேக்கா என்ற அதே சீனப் பெயரின் மாண்டரின் உச்சரிப்புதான். சனங்க வாயில நுழையல; 2000ல் பலகை மறுபடி தேக்கா ஆனது.

பலகை எப்படியிருந்தாலும் பழகிய சனத்துக்கு வழி தெரியும். ஜிரா போன்ற பணி மேலாண்மை மென்பொருளை இயக்கும் ஏஐ முகவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கருவியின் பெயர், விளக்கம், அது கேட்கும் விவரங்கள்: இவற்றை வைத்தே தேர்ந்தெடுக்கிறது. ‘பணியை நீக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், “வேலை முடிஞ்சிருச்சு, எடுத்துடு” என்றதும் அழித்தே விடலாம். ‘நிரந்தரமாக அழிக்கும். முடிந்த பணிக்கு இது வேண்டாம். நிலையை மாற்றும் கருவியைப் பயன்படுத்து’ என்றுதான் நான் எழுதுவேன். நீளம்தான். ஆனா ஆறு மாசக் குறிப்பெல்லாம் அந்தப் பணிக்குள்ளதானே கிடக்கு.