பத்திரத்துக்கு வெளியே நடந்தவை

யாழ்ப்பாணத்துக் கோயில்களும் தேவாலயங்களும் சனசமூக நிலையங்களும் சிறு கடைகளும் காப்புறுதியைப் பொருட்படுத்துவதில்லை என்று குறை சொல்பவர்கள், இது விதியை நம்பி இருக்கும் ஊர் என்று காரணத்தையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதிக்கென 1898இல் கட்டளைச் சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தையே பெரும்பயிராகச் செய்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் குடும்பங்களுக்கு, சம்பளத்தில் மாதாமாதம் கழிபடும் அந்தத் தொகை எதற்கென்று நன்றாகத் தெரியும். 1930களில் மூளாயில் கூட்டுறவு மருத்துவமனையை எழுப்பியவர்களும் இதே ஊரார்தான். நோய் இன்னார் வீட்டுக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது எல்லாரும் சிறிது சிறிதாகப் பணம் போட்டு வைக்கும் ஏற்பாடு அது. காப்புறுதியின் அடிப்படையும் அதுவே. தெரியாமை இங்கே காரணமாக இருக்க முடியாது.

காரணம் பிற்காலத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயுட் காப்புறுதியும் பொதுக் காப்புறுதியும் அரசின் தனியுரிமையாயின. தனியாருக்கு மீண்டும் வழி திறந்தது 1980களின் பிற்பகுதியில்தான். இடையில் வந்தது 1981. மே மாத முடிவிலும் ஜூன் தொடக்கத்திலும் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. ஈழநாடு நாளிதழின் அச்சகம் எரிந்தது, பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. தீ வைத்தவர்களில் பொலிஸாரும் இருந்தார்கள். அந்த நாளில் ஒரு கடைக்காரர் நட்டஈடு கேட்பதானாலும் அரசின் நிறுவனத்திடமேதான் கேட்க வேண்டும். எரித்ததும் அரசின் கை, ஈடு தர வேண்டியதும் அரசின் கை என்ற நிலையில், காப்புறுதிப் பத்திரத்தின் மேல் நம்பிக்கை குலைந்ததற்கு மக்களின் மனப்போக்கைக் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல.

பிறகு போர் வந்தது. தீக் காப்புறுதிப் பத்திரங்களில் போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவற்றால் வரும் சேதம் சேராது என்று ஒரு பந்தி வழமையாகவே இருக்கும். கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் மேலதிகக் கட்டணம் செலுத்தி ஈடு பெறும் நிதி ஒன்றை அரசு அமைத்தது. 2006இன் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வந்தது. ஆனால் குண்டுவீச்சு அந்த வகைக்குள் அடங்காது. 1995 ஜூலை 9ஆந் திகதி, இராணுவத்தின் ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கைக்கு அஞ்சி இடம்பெயர்ந்த மக்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் தங்கியிருந்தபோது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எவரும் அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. இடிந்த வழிபாட்டிடங்களையும் பாடசாலைகளையும் பெருமளவு தூக்கி நிறுத்தியவை சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் ரொறன்ரோவிலும் லண்டனிலுமிருந்து வந்த காசும். புலம்பெயர்ந்தோரே ஊரின் காப்புறுதியாக மாறினார்கள். அந்த உதவியைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

அப்படியானால் பழைய வழியே போதுமே என்று கேட்கலாம். சுவர் இடிந்தால் போதும். ஆள் விழுந்தால் போதாது என்பதே என் வாதம். இடுப்பில் பாளைக் கத்தியும் முட்டியுமாக, காலில் தளநாரை மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் பனையேறும் சீவல் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர், சங்கத்துக்குக் கள் கொடுப்பவர், சம்பளக்காரர் அல்ல. 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தேடுகிற முதலாளி அவருக்கு இல்லை. விழுந்த பிறகு சங்கம் எவ்வளவு இரங்குகிறதோ அவ்வளவே கிடைக்கும். கோயில் திருவிழாவில் பந்தல் சரிந்து காயப்பட்டவரின் நிலையும் ஏறத்தாழ இதுதான். கோபுரத் திருப்பணிக்கு உண்டியல் குலுக்கலாம், முதுகெலும்பு முறிந்த ஒருவருக்காக ஆண்டுதோறும் குலுக்க முடியாது.

“ஊருக்குள் பேசித் தீர்ப்போம், வழக்கு எதற்கு?” என்பார்கள். பேசித் தீர்ப்பதில் பலவீனமானவருக்கே குறைவாகக் கிடைக்கிறது. சாதியும் காசும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்கின்றன. நாட்டின் சட்டப்போக்கும் மாறி வருகிறது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்டது. எச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. பதவியில் இருப்பவரின் கவனக்குறைவுக்கு அவரே பணம் கட்ட நேரலாம் என்பதைப் பரிபாலன சபைகளும் கவனிக்க வேண்டும்.

செலவு தாங்காது என்ற மறுப்பு மட்டும் உண்மையிலேயே கனமானது. சின்னச் சபைக்கும் தெருமுனைக் கடைக்கும் தவணைக் கட்டணம் சுமைதான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒப்பந்தம் எடுக்க வேண்டியதில்லை. மறைமாவட்டமோ கூட்டுறவுச் சங்கங்களின் சமாசமோ தன் கீழுள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொதுப் பொறுப்புக் காப்புறுதியைப் பேசி எடுக்கலாம். மூளாயில் நோய்க்குச் செய்ததை விபத்துக்கும் செய்யலாம். வெளிநாட்டிலிருந்து திருப்பணிக்குப் பணம் அனுப்புகிற சங்கங்கள் மதிப்பீட்டுப் பத்திரத்தில் சீமெந்துக்கும் கம்பிக்கும் அடுத்து இந்தத் தொகையையும் ஒரு வரியாகக் கேட்டு வாங்கினால் வேலை தொடங்கிவிடும்.