பள்ளி மணி அடித்த பிறகு: மாலை வகுப்பு எதற்கு, எப்படி?

பிற்பகல் ஒன்று, ஒன்றரைக்குத் தமிழ்ப்பள்ளி மணி அடித்துவிடும். தொழிற்சாலை வேலைக்குப் போன அம்மா வீடு திரும்ப இரவு ஏழாகும். லோரி ஓட்டும் அப்பா எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட ஐந்தாறு மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது, யாரோடு பேசுகிறது? நம் குடும்பங்கள் பலவற்றில் இதற்கு உறுதியான பதில் இல்லை.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நிலைமை வேறு. விடியற்காலையில் பிரட்டுக்குப் போய் மரம் சீவியவர்கள் பிற்பகலுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டாலும் லயத்தில் பாட்டியோ பக்கத்து வீட்டு அத்தையோ பார்த்துக்கொள்வார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கண்காணிப்பும் கைவிட்டுப் போனது. அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் ஆலய மண்டபங்களிலும் சமூக மண்டபங்களிலும் நடக்கும் மாலை வகுப்புகள்.

நாடு தழுவிய முயற்சிகள்

இத்துறையில் நம் சமூகத்திற்கு நீண்ட அனுபவம் உண்டு. இ.டபிள்யூ.ஆர்.எப். எனப்படும் கல்வி, சமூக நல ஆய்வு அறவாரியம் 1979இல் தொடங்கப்பட்டது. முனைவர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பின்னர் நாட்டின் பல ஊர்களில் வகுப்புகளை நடத்தியது. அங்குப் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்களே திரும்பி வந்து தம்பி, தங்கைகளுக்குத் தொண்டூழியமாகப் பாடம் நடத்தும் வழக்கம் அதன் பலம். பத்துமலையில் நடைபெறும் அதன் கல்வி யாத்திரையையும் பல குடும்பங்கள் அறியும். இவை தவிர, பெயர் வெளியே தெரியாமல் ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நடத்தும் வகுப்புகள் ஏராளம்.

தேர்வு போனது, தேவை போகவில்லை

இந்த வகுப்புகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் யு.பி.எஸ்.ஆர். தேர்வை மையமாகக் கொண்டவை. ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சேர்த்து, பழைய கேள்வித்தாள்களைச் செய்யவைத்து, தேர்வு முடிந்ததும் கலைந்துவிடும். 2021இல் யு.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்டது. 2022இல் பி.டி.3 தேர்வும் இல்லாமல் போனது. அதன் பிறகு படிவம் 5இல் எழுதும் எஸ்.பி.எம். தேர்வே மாணவர்கள் பலருக்கு முதல் பொதுத்தேர்வு ஆனது.

‘தேர்வு இல்லை, இனி டியூஷன் எதற்கு’ என்று சில பெற்றோர் நினைக்கலாம். உண்மையில் ஆபத்து கூடியிருக்கிறது. முன்பு பிள்ளை பின்தங்கியிருந்தால் 12 வயதில் முடிவு அட்டை சொல்லிவிடும். இப்போது நாமே விசாரிக்காவிட்டால் மிகத் தாமதமாகத்தான் தெரியவரும். அப்போது சரிசெய்ய அவகாசம் குறைவு.

பள்ளி தரும் வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை குறிக்கப்பட்டிருக்கும். 3 என்பது குறைந்தபட்ச அடைவு. பிள்ளை 1 அல்லது 2இல் இருந்தால், அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே ஆசிரியரைச் சந்தியுங்கள்.

தடுமாறும் இடம் படிவம் 1

தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அவற்றை மலாய்மொழியில் படிக்க வேண்டும். எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்த சிறிய பள்ளியிலிருந்து, பாடத்திற்கு ஓர் ஆசிரியர் மாறும் பெரிய பள்ளிக்குப் போகிறது. மலாய்மொழியில் குறைந்தபட்ச அடைவு பெறாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியிருக்கும். உடன் படித்த நண்பர்கள் படிவம் 1க்குப் போக, தான் மட்டும் பின்தங்கியதாக நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய மனவேதனை. புகுமுக வகுப்பு தண்டனை அன்று, மொழியைச் சீர்செய்து கொள்ளக் கிடைத்த ஓராண்டு என்பதை வீட்டிலும் வகுப்பிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பல மாலை வகுப்புகள் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுவதுதான் குறை. பிள்ளைக்குத் துணை அதிகம் தேவைப்படும் நேரத்தில் கதவு மூடப்படுகிறது. படிவம் 1 முதல் படிவம் 3 வரை இருப்பவர்களுக்கு வாரம் ஒரு நாளாவது இடம் கொடுங்கள். ஏற்கெனவே அப்பள்ளியில் பயிலும் அண்ணன், அக்கா ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்ய 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம் வகை செய்கிறது. அந்த 15 பேரை ஒன்றுசேர்க்க மாலை வகுப்பைவிட நல்ல இடம் இல்லை.

நல்ல வகுப்பில் இருக்க வேண்டியவை

* உணவு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. மைலோவும் ரொட்டியும், முடிந்தால் ஒரு தட்டு மீகூன். ஆலய அன்னதானக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.
* வாசிப்பு. தினமும் 20 நிமிடம் தமிழிலும் மலாயிலும் வாய்விட்டு வாசிக்க வைப்பது, பயிற்சித்தாள் கட்டுகளைவிடப் பயன் தரும்.
* வீட்டுப்பாடம். ரப்பர் தோட்டத்துப் பெற்றோரோ தொழிற்சாலைப் பெற்றோரோ மலாய் அறிவியல் பாடத்தை விளக்க முடியாமல் தவிப்பது உண்டு. அந்த உதவி இங்கே கிடைக்க வேண்டும்.
* விளையாட்டு. அரை மணி நேரம் பந்து விளையாடவிட்டால்தான் பிள்ளை மறுநாள் விரும்பி வரும்.
* வருகைப் பதிவு. இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கமே பல பிள்ளைகளைக் காப்பாற்றும்.

சோம்பேறி, மக்கு என்ற சொற்களுக்கு அங்கே இடம் தராதீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குத் தேவை மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம். எழுத்துகள் தொடர்ந்து குழம்பினால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென ஒதுங்கினால் தனியே உட்காரவைத்து விசாரியுங்கள்; பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

தெரிந்தவர், பக்திமான் என்பதற்காக யாரிடமும் பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். யார் வந்து அழைத்துச் செல்வார் என்பது எழுதி வைக்கப்பட வேண்டும். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் நடப்புக்கு வந்தது. அதன்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் தகவல் கொடுக்காமல் மறைப்பதும் குற்றமாகும். ஆலயத்தின் பெயர், குடும்பத்தின் மானம் என்று மூடி மறைக்க இதில் இடமில்லை. கொடுமை, புறக்கணிப்பு குறித்து தாலியான் காசே 15999 எண்ணிலும் புகார் செய்யலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பெரிய திட்டம் வேண்டாம். பத்துப் பிள்ளைகள், வாரம் இரண்டு நாள், ஓர் இடம், இரண்டு தொண்டூழியர்கள் போதும். முதலில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, எந்தப் பிள்ளைகளுக்கு உதவி தேவை என்று கேளுங்கள். பதிவு, அனுமதி பற்றி மாவட்டக் கல்வி இலாகாவிலும், பராமரிப்பு நிலையமாக நடத்துவதானால் சமூக நல இலாகாவிலும் விசாரித்துக் கொள்ளுங்கள். வரவுசெலவை மாதந்தோறும் பெற்றோர் பார்வைக்கு வையுங்கள்.

முதல் நாள் கூட்டம் கூட்டுவது எளிது. ஆறாவது மாதத்தில் கதவைத் திறந்து வைத்திருப்பதுதான் கடினம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விடுமுறையில் வீடு திரும்பும் பல்கலைக்கழக மாணவர்கள், வாரம் ஒரு மாலை சமைத்துத் தரக்கூடிய தாய்மார்கள் எல்லாம் நம் தாமானிலேயே இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டால் பலர் மறுக்க மாட்டார்கள்.